அத்தையின் நடவுப் பாட்டு

பாலக்காட்டுக் கணவாயின் காற்று தென்னங்கீற்றுகளோடு வழக்காடும் ஊர் பெருமாட்டி. அங்கே நம் வீட்டு முன்னறையில் ஒரு மாலை, 84 வயது அத்தையை அமர்த்தி நடவுப் பாட்டைப் பதிவு செய்ய முற்பட்டோம். கேரள மண்ணில் தமிழ் பேசி வாழும் நம் குடும்பத்தில் அப்பாட்டை அறிந்தவர் அவர் ஒருவரே. பதிவைக் கேட்டதும் திகைத்தோம். நேரில் தெளிவாய் ஒலித்த சொற்கள் கிணற்றுக்குள்ளிருந்து எழுவனபோல் குழம்பிக் கிடந்தன. “என்ற குரலா கண்ணு இது?” என்றார் அத்தை.

செவி வேண்டியதைப் பற்றி வேண்டாததை ஒதுக்கும். ஒலிவாங்கிக்கு அவ்விவேகம் இல்லை. நாம் வைத்திருந்தது எல்லாத் திசை ஒலியையும் ஒன்றுபோல் ஏற்பது. வேறொரு வகை முன்னும் பின்னும் ஏற்றுப் பக்கங்களை விலக்கும். நெஞ்ச வடிவப் பாங்குடையதோ முன்னே முழுதும், பக்கங்களில் பாதியும் ஏற்று, பின்புறத்தை ஏறக்குறைய முற்றும் மறுக்கும். அதனைத் தேடிப் பெற்றோம்.

அறையையும் அளந்தோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சு விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தை 1895இல் ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தைக் கணித்தவர். திறந்த சாளரமே அவருக்கு அளவுகோல். வெளியேறிய ஒலி மீளாதன்றோ! நாம் பலூனை உடைத்துப் பதிந்து கணினியில் நோக்கினோம். ஒலி 60 டெசிபெல் தாழும் நேரமே எதிர்முழக்க நேரம். வீட்டு ஓசை இடையே புகுவதால், 30 டெசிபெல் தாழும் நேரத்தை அளந்து இருமடங்காக்கினோம். ஏறத்தாழ 2 விநாடி! சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவரும் செய்த வேலை அது.

சாளரத்தைத் திறந்தால் கணவாய்க் காற்று ஒலிவாங்கியில் மோதி இரைந்தது. ஆகவே அதனை அடைத்து, ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு, அத்தையின் பின்னே இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்தோம். நேரம் 1 விநாடிக்குக் கீழ் இறங்கியது. ஒலிவாங்கியின் முதுகை வெறுஞ்சுவருக்குக் காட்டி, அத்தைக்கு ஒரு முழத் தொலைவில் வைத்தோம். மிக நெருங்கினால் அவ்வகையில் கீழ்சுரங்கள் பருத்துவிடும்.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒலிபெருக்கியற்ற கச்சேரியை வலியுறுத்தியவர். அதனைப் பிடிவாதம் என்றே முன்னர் எண்ணியிருந்தோம். நம் முதற்பதிவு அவர் பக்கத்து நியாயத்தை உணர்த்தியது. ஆயினும் அவருடைய மிருதங்க நாதத்தை இன்று நாம் கேட்பதும் ஒலிவாங்கி காத்த பதிவுகளாலன்றோ!

மறுபதிவில் ஒவ்வொரு சொல்லும் தனித்து நின்றது. ஆனால் முதல்நாள் பாடிய இரண்டு அடிகள் அன்று அத்தையின் நினைவுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவ்விரு அடிகளும் முதற்பதிவின் முழக்கத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றன. எத்தனை முறை கேட்டும் நம்மால் மீட்க இயலவில்லை.

ஆதலின் அன்பர்களே, வீட்டு மூத்தோரைப் பாடச் சொல்லுமுன் அறையில் ஒருமுறை கைதட்டிக் கேளுங்கள். முதலில் அறையை அடக்குங்கள். பிறகு அவர்களைப் பாடச் சொல்லுங்கள்.