திருத்துறைப்பூண்டியில் ஒரு நெல் திருவிழா

இங்கிலாந்து நாட்டில், பார்லியிலிருந்து செய்யும் பீருக்கும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சைடருக்கும் ஊர்தோறும் விழா எடுக்கிறார்கள். பெரிய ஆலைகள் நாடெங்கும் ஒரே சுவையுள்ள பீரைப் பரப்பியபோது, சிற்றூர்களின் பழைய வகைகள் ஒவ்வொன்றாய் மறையலாயின. அவற்றைக் காக்க 1971ஆம் ஆண்டு நான்கு நண்பர்கள் ஓர் இயக்கம் கண்டனர். பல வகைகளையும் ஓரிடத்தில் கூட்டி, மக்களைச் சுவைக்கச் செய்வது அவ்வியக்கத்தின் வழியாயிற்று. மதுவால் குடும்பங்கள் சீரழிவதை அன்றாடம் காணும் நமக்கு அத்தகைய விழா உவப்பானதன்று. எனினும் அதன் உள்ளே இருக்கும் கவலை நம்முடையதே. காவிரிப் படுகையிலும் அதே இழப்பு நேர்ந்தது. தானியம் மட்டுமே வேறு.

அந்த இழப்பை ஈடுசெய்ய எழுந்ததே திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா. அதனை முதன்முறையாகக் காண, பங்கின் உழவர்கள் சிலரோடு நாங்கள் புறப்பட்டோம். மே மாத வெயில். தஞ்சையிலிருந்து வடுவூர், மன்னார்குடி வழியே செல்லும் சாலையின் இருமருங்கிலும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்த பிறகே இம்மண் நனையும். விதையைப் பற்றி எண்ணுவதற்கு ஏற்ற காலம் அதுவே.

இவ்விழாவை 2006ஆம் ஆண்டு அருகிலுள்ள ஆதிரெங்கம் சிற்றூரில் தொடங்கியவர் நெல் ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழி நின்றவர். ஊர் ஊராய் அலைந்து 174 பாரம்பரிய நெல் வகைகளை அவர் மீட்டதாகக் கூறுவர். 2018 டிசம்பர் 6ஆம் நாள் அவர் புற்றுநோயால் மறைந்தார். விழா மறையவில்லை.

பந்தலின் உள்ளே சிறு சிறு குவியல்களாய் நெல் வகைகள். ஆள் உயரத்தையும் மிஞ்சி வளர்ந்து, வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானம். உப்பு ஏறிய நிலத்திலும் விளையும் குழியடிச்சான். கருத்த மணியுடைய கருப்புக் கவுனி. சிவந்த மாப்பிள்ளைச் சம்பா. தும்பைப்பூவென வெளுத்த தூயமல்லி. ஒவ்வொன்றும் ஒரு நிலத்துக்கும் ஒரு பருவத்துக்கும் உரியது. எங்களுடன் வந்த முதியவர் பூங்காரை உள்ளங்கையில் ஏந்தி, "என் ஆத்தா காலத்து நெல்லு சாமி" என்றார். வேறொன்றும் அவரால் பேச இயலவில்லை.

ஓர் ஓரத்தில் மண்பானையில் நீராகாரம் வைத்திருந்தனர். முந்திய இரவு சோற்றில் ஊற்றிய நீர் விடியுமுன் மெல்லப் புளித்து, வெயிலுக்கு இதமாகிறது. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அதை அருந்தினோம். அறிவை மயக்காத, வீட்டுப் பணத்தைக் கரைக்காத பானம் இது.

புதிய நெல் வகைகளைப் பழிப்பது நன்றியன்று. 1960களில் வந்த ஐ.ஆர். 8, ஏ.டி.டி. 27 போன்றவை பஞ்சத்தின் அச்சம் சூழ்ந்திருந்த நாட்டுக்குச் சோறிட்டன. ஆனால் அவை பரவப் பரவ, பழைய விதைகள் பத்தாயங்களிலிருந்து மறைந்தன. விதையை ஏட்டில் எழுதிக் காக்க இயலாது. ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, உண்டால்தான் அது வாழும்.

ஆகவே இங்கு விதைக்கு விலை இல்லை. இரண்டு கிலோ பெறுபவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே ஜெயராமன் வகுத்த முறை. அந்த நான்கு கிலோ மேலும் இரு குடும்பங்களுக்குப் போகும்.

எங்களுடன் வந்த இளம் உழவர் ஒருவர் தயங்கினார். "விளைச்சல் குறைஞ்சா கடனை யார் சாமி கட்டுறது? இதை வாங்குற வியாபாரி எங்கே?" என்றார். நியாயமான கேள்வி. விழாவுக்கு வந்திருந்த மூத்த உழவர் ஒருவர் விடை சொன்னார்: "எல்லா வயலையும் மாத்த வேணாம் தம்பி. ஒரு மூலையில போடுங்க. முதல்ல உங்க வீட்டுப் பிள்ளைங்க சாப்பிடட்டும்." இளைஞர் சற்று யோசித்து, இரண்டு கிலோ பூங்காருக்குத் தம் பெயரைப் பதிவு செய்தார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெரியவர்களிடம் அவர்கள் சிறுவயதில் உண்ட நெல்லின் பெயரை இன்றே கேளுங்கள். பிள்ளைகளும் அருகிருந்து கேட்கட்டும். அந்தப் பெயர் மறவாதிருந்தால், விதையைத் தேடிப் போக ஒருவருக்கேனும் மனம் வரும்.