ஆனாயர் முன்னிலையில் ஒரு தாலாட்டு

லால்குடிக்கு அருகே திருமங்கலம் என்னும் சிற்றூர் உள்ளது. சாமவேதீசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்தலமே ஆனாய நாயனார் அவதரித்த திருப்பதி. கார்த்திகை மாதத்து அஸ்த நட்சத்திரம் அவருடைய குருபூஜை நாள். ஆயர் குலத்தில் பிறந்த அந்த அடியார், கார்காலத்தில் ஆநிரைகளை ஓட்டிச் சென்றபோது பூத்துக் குலுங்கிய கொன்றை மரம் ஒன்றைக் கண்டார். அது சடைவிரித்த சிவபெருமானாகவே அவருக்குத் தோன்றியது. இடையிலிருந்த வேய்ங்குழலை எடுத்து ஐந்தெழுத்தை ஊதினார். பசுக்கள் அசைபோடுவதை மறந்தன. கன்றுகள் பால் குடிப்பதை மறந்தன. பாம்பும் மயிலும் பகை மறந்து ஒன்றாக நின்றன. உமையொருபாகன் விடைமேல் காட்சி தந்து, அந்தக் குழலோசையை என்றும் கேட்டிருக்க அவரைத் தம்மருகே அழைத்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம்.

அந்தக் குருபூஜைக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்து, நாயனார் திருவுருவின் முன் ஒரு கீர்த்தனையைக் குழலில் வாசித்துவிட்டுச் செல்லும் வழக்கமுடையவர் ஒரு பெரியவர். தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது எழுபதைக் கடந்தவர். கச்சேரி மேடை ஏறியவர் அல்லர். ஆனால் இளமையில் முறையாகக் குருகுலமாய் இருந்து கற்றவர். தோடியும் கல்யாணியும் அவர் குழலில் நன்றாகப் பேசும் என்று ஊரார் சொல்வார்கள். அந்தப் புகழில் அவருக்கும் சற்றே பெருமை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில், அவருக்குக் கீழ்வரிசை முன்பற்கள் ஆட்டம் கண்டு அகற்றப்பட்டன. ஈறு ஆறிய பின் ஆடி மாதத்தில் பல் செட் பொருத்தினார்கள். சாப்பிடுவதில் குறை இல்லை. பேச்சிலும் குறை இல்லை. ஆனால் நல்ல நாள் பார்த்துக் குழலை எடுத்து உதட்டில் வைத்தபோது நாதம் எழவில்லை. வெறும் காற்று ‘உஸ்’ என்று வெளியேறியது.

புல்லாங்குழலில் நாகஸ்வரத்துக்கு உள்ளது போன்ற சீவாளி கிடையாது. வாசிப்பவரின் உதடுதான் சீவாளி. இரண்டு உதடுகளுக்கும் இடையே மெல்லிய இழைபோலக் குவிந்து வரும் காற்று, வாய்த்துளையின் எதிர்விளிம்பில் மோதும்போதுதான் நாதம் பிறக்கிறது. கீழுதடு சரியாமல் தாங்கி நிற்பது அதன் பின்னாலுள்ள பற்களால். தாங்கும் சுவர் நூலளவு மாறினாலும் காற்றின் முனை திசை தவறிவிடும். மேல் ஸ்தாயிக்குக் காற்றை மேலும் குறுக்கி விசையாகச் செலுத்த வேண்டும் என்பதால், முதலில் பறிபோவதும் மேல் ஸ்தாயியே. ஐம்பதாண்டுப் பழக்கம் ஒரு சிறு பல் வரிசையின்மேல் நின்றிருந்தது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பத்து நாள் முயன்று பார்த்தார். மத்திய ஸ்தாயியில் நாலைந்து ஸ்வரங்கள் பிசிறோடு வந்தன. மேல் ஷட்ஜம் வரவேயில்லை. ஒருநாள் மாலை குழலைத் துடைத்து, உறையிலிட்டு, பூஜை அறை அலமாரியில் வைத்தார். “இந்த வருஷம் திருமங்கலத்துக்கு நான் போகப்போவதில்லை. நாயனார் முன்னால் போய் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கவா?” என்றார் மனைவியிடம். அந்த அம்மையார் மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு இருவருமே சரியாக உண்ணவில்லை.

அவ்வீட்டில் பத்து வயதுப் பேத்தி ஒருத்தி இருந்தாள். தாத்தாவிடம் குழல் கற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தாத்தா ஊதிக் காட்டாவிட்டாலும் பாடம் நின்றுவிடக் கூடாதே என்று, அவள் காலையில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு தானே அமர்ந்து ஊதுவாள். மத்திய ஷட்ஜத்தை மூச்சு உள்ளவரை நீட்டுவது. பிறகு சரளி வரிசை. மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் துளையைப் பாதி மூட வேண்டும். பிஞ்சு விரலுக்கு அது பிடிபடவில்லை. ரிஷபம் ஒவ்வொரு முறையும் சுருதி ஏறியே ஒலித்தது. மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், நான்காம் நாள் பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்து அலமாரியைத் திறந்தார். விரலை எப்படி உருட்டிப் பாதி மூடுவது என்று காட்டுவதற்காகக் குழலை எடுத்தவர், அப்படியே அவளோடு அமர்ந்து ஷட்ஜத்தை ஊதினார்.

“தாத்தா, இது எனக்குக் கொடுத்த பாடமாச்சே!” என்று சிரித்தாள் பேத்தி.

“இன்றையிலிருந்து எனக்கும் இதுதான் பாடம், அம்மா” என்றார் அவர்.

அன்று முதல் இருவரும் ஒரே பாடம் படித்தார்கள். முதல் கால்மணி நேரம் நீண்ட ஷட்ஜம் மட்டும். உதட்டைச் சற்று உள்வாங்கியும் வெளித்தள்ளியும், குழலை இழையளவு உருட்டியும், பல் செட்டோடு புதிய இடம் தேடினார் பெரியவர். பிறகு சரளி வரிசை முதற்காலத்தில் மட்டும். பின்னர் ஜண்டை வரிசை. இரட்டை ஸ்வரங்களைத் துத்துக்காரத்தால் பிரித்து ஊதும் அந்த வரிசை, நாக்குக்கும் உதட்டுக்கும் நல்ல வைத்தியமாயிற்று. ஆவணி முடிவதற்குள் மத்திய ஸ்தாயி பிசிறில்லாமல் ஒலித்தது. மேல் ஷட்ஜம் மட்டும் இன்னமும் எட்டவில்லை.

அப்போதுதான் அவருக்குத் தம் குருநாதர் எழுதிக்கொடுத்த பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. முன்பக்கத்திலிருந்து வரிசைகள், அலங்காரங்கள், கீதங்கள், வர்ணங்கள், கீர்த்தனைகள் என்று ஒழுங்காகச் செல்லும் அந்த நோட்டைத் திருப்பிப் பிடித்தால், பின்பக்கத்திலிருந்து வேறொரு வரிசை தொடங்கும். கும்மி, கோலாட்டம், லாலி, ஊஞ்சல், தாலாட்டு, காவடிச் சிந்து என்று இருபதுக்கும் மேற்பட்ட மெட்டுகளைக் குரு ஸ்வரப்படுத்தி வைத்திருந்தார். “இவற்றையும் சாதகம் செய்” என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. கச்சேரிக்கு ஆகாத பாட்டுகள் என்று எண்ணி, இளைஞராயிருந்த சீடர் அந்தப் பக்கங்களைத் தொட்டதேயில்லை.

இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தபோது அவருக்கு வியப்பாயிருந்தது. அந்த மெட்டுகளில் பெரும்பாலானவை மேல் ஷட்ஜத்தைத் தொடவேயில்லை. நாட்டு வழக்கிலும் வீட்டுச் சடங்குகளிலும் ஊறிய ராகங்களின் இயல்பே அது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி ஆகியவை நிஷாதத்தோடு நின்றுவிடும். குறிஞ்சி தைவதத்தோடு நின்றுவிடும். நவரோஜ் தாழ்ந்த பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்தோடு அமைந்துவிடும். இசை நூலார் இவற்றை நிஷாதாந்தியம், தைவதாந்தியம், பஞ்சமாந்தியம் என்று வகுத்துப் பெயரிட்டுள்ளனர். நாற்று நடும்போதும், தொட்டில் ஆட்டும்போதும், மணமக்களை ஊஞ்சலில் வைத்தும் பாடும் பாட்டுகளில், பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பாட வேண்டுமல்லவா? எல்லார் குரலுக்கும் எட்டும் எல்லைக்குள் அவை அமைந்திருப்பது பொருத்தந்தானே!

குருநாதர் அவற்றைப் பயிற்சிக்கு வைத்ததன் காரணமும் ஊதிப் பார்த்தபோது விளங்கியது. கும்மியில் ஒவ்வோர் அடியும் குறுகியது. அடி முடியுமிடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கைதட்டு விழும் இடங்களில் துத்துக்காரம் தெளிவாக விழ வேண்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மீது பாடி நிலைபெறச் செய்த காவடிச் சிந்தின் மெட்டுகள், திஸ்ர நடையில் துள்ளிச் செல்பவை. விரல்கள் தாளத்தோடு ஒட்டி ஓடக் கற்றுக்கொடுப்பவை. தாலாட்டு இவற்றுக்கு நேர்மாறு. அதில் நாக்குக்கு வேலை இல்லை. ஒரே மூச்சில், அதிராமல், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல வேண்டும். தொட்டிலில் உறங்கும் குழந்தை விழிக்காமல் ஊதுவது, விரைவான கற்பனை ஸ்வரத்தைவிடக் கடினம் என்பதைப் பெரியவர் எழுபது வயதுக்கு மேல் கற்றார்.

குழல் முதலில் யார் கையில் இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையில், காட்டில் ஆநிரை மேய்க்கும் இடையன் தீக்கடைகோலால் தீ மூட்டி, அந்தக் கொள்ளியால் துளையிட்டுத் தானே குழல் செய்து ஊதுகிறான். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சிய மதுரை ஆய்ச்சியர், கண்ணபிரானை நினைந்து குரவை ஆடுகிறார்கள். அங்கே கொன்றைக் குழலும் ஆம்பல் குழலும் முல்லைக் குழலும் பேசப்படுகின்றன. பிற்காலத்தில், கண்பார்வை இழந்த கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) அதைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக உயர்த்தினார். அவர் சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த வழியைப் பரப்பினார். திருவிடைமருதூரில் பிறந்த மாலி (1926–1986) வாய்ப்பாட்டின் குழைவுகளையெல்லாம் அதில் கொண்டுவந்தார். மேடையில் இன்று கோலோச்சும் அந்த மூங்கிலுக்கு மேய்ச்சல் நிலமே தாய்வீடு.

கார்த்திகை வந்தது. திருமங்கலத்துக்குப் போகும் பேச்சைப் பெரியவர் எடுக்கவில்லை. அஸ்தத்துக்கு முந்தைய நாள் மனைவிதான் கேட்டார்: “உங்களுக்குத் தோடி வேண்டுமா, நாயனார் வேண்டுமா?” பெரியவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர் பேத்தியைக் கூப்பிட்டு, “நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிடு” என்றார்.

அபிஷேகமும் தீபாராதனையும் முடிந்த பின் இருவரும் நாயனார் முன் அமர்ந்தார்கள். வழக்கமாய் வரும் அன்பர்கள் தோடியை எதிர்பார்த்திருந்தனர். பெரியவர் முதலில் ஐந்தெழுத்தை நினைந்து, எழுத்துக்கு ஒன்றாக ஐந்து ஸ்வரங்களை நிதானமாக ஊதினார். பின்னர் நோட்டின் பின்பக்கத்து நவரோஜ் தாலாட்டு. மூன்றாம் அடியில் அவர் உதடு சறுக்கிற்று, நாதம் அறுந்தது. பேத்தி நிறுத்தவில்லை. அந்த அடியை அவள் தொடர்ந்து ஊத, நான்காம் அடியில் தாத்தா வந்து சேர்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கம்மா பாடின தாலாட்டு” என்றார். குருக்கள் நாயனாருக்குச் சாத்தியிருந்த மாலையில் ஒன்றை எடுத்துச் சிறுமியின் கையில் கொடுத்தார்.

மேல் ஷட்ஜம் பெரியவருக்கு இன்றும் முழுமையாகத் திரும்பவில்லை. அதற்காக அவர் இப்போது வருந்துவதாகவும் தெரியவில்லை. நாள்தோறும் காலையில் பேத்தியோடு அமர்ந்து, நோட்டின் முன்பக்கத்திலிருந்து ஒரு பாடமும் பின்பக்கத்திலிருந்து ஒரு பாட்டும் ஊதுகிறார். முதுமையில் குரல் தளர்ந்தது, மூச்சு குறைந்தது, முன்போல் பாராயணம் செய்ய முடியவில்லை என்று வருந்தும் அன்பர்கள் பலர் உண்டு. பாடமாகியிருந்த நீண்ட பதிகம் இயலாதபோது, ஐந்தெழுத்து இயலும். அன்னை மடியில் கேட்ட ஒரு சிறு பாட்டு இயலும். கொன்றை மரத்தடியில் நின்ற ஆயர் பெருமான் இறைவனுக்கு அளித்ததும் ஐந்தே எழுத்துத்தான். அவர் திருவடி போற்றி, இருக்கிற மூச்சை அவ்வாறே அளிப்போமாக.