மூன்று சென்ட் கதை



போன வாரம் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கே நாற்பது வயது. "டீச்சர், தோப்பூர் பக்கம் மூணு சென்ட் வருது. எய்ம்ஸ் திறந்துட்டா விலை டபுள் ஆயிடும்ங்கிறாங்க. லோன் போட்டு வாங்கிடவா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1996-ல் நானும் சாரும் சேமநிதியில் கடன் போட்டு, ஊருக்கு வெளியே மூன்று சென்ட் வாங்கினோம். வேனில் கூட்டிப்போய் மதியச் சாப்பாடும் போட்டார்கள். பஞ்சாயத்து சீல் போட்ட வரைபடத்தைக் காட்டி, "அப்ரூவல் இருக்கு" என்றார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி வேண்டும், பஞ்சாயத்து சீல் மட்டும் போதாது என்பது வாத்தியார் வேலை பார்த்த எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

இருபது வருஷம் விலை ஏறுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். 2016-ல் மகள் கல்யாணம் நிச்சயமானது. இடத்தை விற்க அட்வான்ஸும் வாங்கிவிட்டோம். செப்டம்பர் 9 அன்று, அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டார். அதில் பாதி மண்டபத்துக்குப் போயிருந்தது. நகையை அடகு வைத்துத்தான் அவருக்கும் கொடுத்து, கல்யாணத்தையும் முடித்தோம். எல்லோரும் லட்சக்கணக்கில் மதிப்புச் சொன்ன இடம், தேவைப்பட்ட அன்று ஒரு ரூபாய்க்கு உதவவில்லை.

2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. கட்டணம் கட்டி, அலைந்து, ஒழுங்கு செய்தோம். அந்தக் காகிதம் கைக்கு வந்தபோது சார் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மனை போர்டுகள் உடனே முளைத்தன. ஆஸ்பத்திரிக் கட்டட வேலை தொடங்க 2024 ஆகிவிட்டது. இடையில் அங்கே கடன் போட்டு வாங்கியவர்கள் மாதாமாதம் வட்டி கட்டினார்கள். ஆஸ்பத்திரி தள்ளிப்போனால் வட்டியும் தள்ளிப்போகாது.

அப்புறம் தண்ணீர். 2024 அக்டோபர் 25 மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். பி.பி.குளம், ஆலங்குளம், உலகனேரி என்று நம் மதுரையில் எத்தனை பெயர்கள்! குளம், ஏரி, ஏந்தல் எல்லாம் தண்ணீர் நின்ற இடத்துக்குப் பெரியவர்கள் வைத்த பெயர். இடம் வாங்குமுன் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்கள், புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

வீட்டுப்பாடம் மாதிரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று.

2. நகர் ஊரமைப்பு அனுமதி எண், ரேரா பதிவு எண்.

3. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு. அந்த சர்வே எண் கண்மாயா, வாய்க்காலா, பட்டா நிலமா என்று அதில் இருக்கும்.

4. பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய். கையிருப்பில் இதையும் கணக்குப் போடுங்கள்.

"அப்ப வாங்க வேண்டாமா டீச்சர்?" என்றான். "வாங்கப்பா. குடியிருக்க வாங்கு. பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் இந்த இடத்தை மட்டும் நம்பி இருக்காதே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திர நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறானாம். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது பார்க்க வேண்டுமென்றாலும் கொண்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.