பினாங்கில் எல்லாவற்றுக்கும் ஒரு மணி உண்டு

புதன், நள்ளிரவு

லெபு பாசாரில் காசு மாற்றும் பாயிடம், இந்த ஊரில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டேன். நோட்டுகளை எண்ணி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. அப்புறம், "எத்தனை மணிக்கும்மா?" என்றார். காலையா, மதியமா, ராத்திரியா என்று சொன்னால்தானே இடத்தைச் சொல்ல முடியும் என்பது அவர் வாதம். விடியுமுன் கொடிமலை. பதினொன்றுக்கு மேல் வெயிலில் எங்கும் அலையக் கூடாது. நாலு மணிக்கு லெபு கெங் க்வீ சந்தில் செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பு. சோறு ராத்திரி பத்துக்கு மேல். அருங்காட்சியகம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

நான் நாகப்பட்டினம் என்றதும் அவர் முகம் மாறியது. ரஜூலா கப்பல் எங்கள் ஊர்க் கடலில் நின்று ஆளேற்றிக்கொண்டு இங்கேதான் வந்து சேரும். அந்தக் கப்பலில்தான் அவர் அப்பாவும் வந்தாராம். எண்ணிக் கொடுத்த நோட்டுக் கட்டோடு இரண்டு வெள்ளி கூடுதலாக வைத்து, "தே தாரிக் குடிச்சுக்குங்க" என்றார். இங்குள்ள தமிழர்கள் யாரும் ரிங்கிட் என்று சொல்லிக் கேட்கவில்லை, எல்லாம் வெள்ளிதான்.

பத்து மணிக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய கடைக்குப் போனேன். திறந்தவுடனே வரிசை நடைபாதை தாண்டி நீண்டுவிட்டது. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு கட்டி, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றுத் திரிந்த சாப்பாடு இது. நாசி கண்டார். இப்போது மலாய்க்காரரும் சீனரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் கற்றுக்கொடுத்தார்: ஒரு கறித்துண்டு, வெண்டைக்காய், அரை அவித்த முட்டை, பிறகு 'பன்ஜிர்' என்று ஒரு சொல். கடைக்காரர் நாலைந்து சட்டியிலிருந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடிக்கிறார். மீன்குழம்பும் கோழிக்குழம்பும் கலந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் அம்மா கேட்டால் பதில் சொல்ல முடியாது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் இன்னொரு அறிவுரை: பெரிய இறாலைச் சுட்டிக்காட்டுமுன் விலையைக் கேட்டுவிட வேண்டும்.

எந்தக் கடை சிறந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. 1907 முதல் லெபு கேம்பலில் இருக்கும் ஹமீதியாதான் என்று ஒருவர் சொன்னால், அது வெளியூர்க்காரர்களுக்கு என்று அடுத்தவர் அடித்துச் சொல்வார். இரண்டு பேரும் அங்கே சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

வியாழன்

பேருந்தில் ஏறுமுன் சில்லறை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஓட்டுநர் மீதி தரமாட்டார். 204-ஆம் எண் பேருந்து கொடிமலை அடிவாரம் வரை போகும். ஆனால் முதல் மலைரயில் காலை ஆறரை மணிக்கு. அதைப் பிடிக்க வேண்டும் என்று விடுதிக்கார அம்மாள் வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தார். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், பள்ளி விடுமுறையில் வேண்டவே வேண்டாம் என்பது எல்லாரும் ஒருவாய்ப்பட்டுச் சொன்ன ஒரே விஷயம்.

1924-இலிருந்து மலையேறுகிற ரயில் இது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், மரப்பெட்டி, ஏறி முடிக்க அரைமணி நேரம். 2011-இல் வந்த புது வண்டி நிற்காமல் சில நிமிடங்களில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பாட்டிக்கு அந்த வேகத்தில் உடன்பாடில்லை. மேலே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் ஒரு மரத்தை நிறைத்திருந்தன. குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம், வேறு யாரோ பெற்றதுபோல. எட்டு மணிக்குள் கீழே ஜார்ஜ்டவுனும் கடலும் பெரிய பாலமும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்பதுக்கு மேகம் வந்து மூடிற்று. அந்த நேரத்தில்தான் சுற்றுலாப் பேருந்துகள் அடிவாரத்துக்கு வரத் தொடங்கின.

ஊர்க்காரர்கள் இறங்க ரயிலுக்குக் காத்திருப்பதில்லை. ஐந்து கிலோமீட்டர் ஜீப் பாதை தாவரவியல் பூங்காவில் போய் முடிகிறது. இறக்கம் செங்குத்து, முழங்கால் ஒப்புக்கொள்ளாதவர்கள் ரயிலிலேயே வருவது நல்லது. எதிரே சீனக் கிழவர்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபடி ஏறி வந்தார்கள். வழியில் '84' என்று சொல்கிற இளைப்பாறுமிடத்தில் தேநீர் கிடைக்கிறது.

பூங்காவிலிருந்து தண்ணீர்மலை நடக்கிற தூரம்தான். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். கீழே பூ விற்ற அக்கா என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இப்ப ஏறாதீங்க லா. ஆறு மணிக்கு வாங்க." ஆறுக்கே ஏறினேன். தைப்பூசத்தன்று இந்த வழியெல்லாம் சீனர்களும் சேர்ந்து தேங்காய் உடைப்பார்கள். இன்று படியில் ஓடிப் பழகும் பிள்ளைகள்தான் அதிகம்.

வெள்ளி

ஆர்மேனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் முன்னால் படம் எடுக்க ஒரு கூட்டம். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. காலை ஏழுக்கு வந்தால் சுவர் உங்களுக்கே என்றார். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது முதல் இந்தப் பழைய தெருக்களில் வாடகை ஏறி, பல குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். அவர் கடையில் சாம்பிராணி விற்கிறது, எதிர்க் கடையில் ஐஸ்கிரீம்.

லெபு சூலியாவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. எங்கள் பக்கத்து மினாராக்களைப் பெட்டிக்குள் வைக்கிற அளவுக்குச் சிறிதாக்கியிருக்கிறார்கள். உள்ளே வெயிலுக்கு நல்ல நிழல். ஜும்ஆ நேரத்தில் அந்த வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் கடைகள் கதவைச் சாத்திவிடும் என்று பாய் முன்பே எச்சரித்திருந்தார்.

மாலையில் படகுத்துறை. சீனக் குலங்கள் கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய மரவீடுகளின் வரிசைகள் இங்கே உண்டு. சியூ குலத்தின் துறையில் கடைகளும் கூட்டமும். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், ஒருவர் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் படம் எடுக்கிறார்கள். டான் குலத்தின் துறைதான் அழகு, ஆனால் அது கிழக்கு பார்த்தது, சூரியன் உதிக்கையில் வர வேண்டும்.

அஸ்தமனத்துக்கு எல்லாரும் சொல்வது ஃபெரி. பட்டர்வொர்த் வரை போய் இறங்கி, அடுத்த படகில் திரும்புவது. காரேற்றிப் போன பழைய இரண்டடுக்குப் படகுகள் 2020 முடிவோடு நின்றன. 2023-இல் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். குளிர்சாதன வசதியும் கண்ணாடியும் வந்ததால் கடற்காற்று போயிற்று என்று பக்கத்தில் ஒருவர் பொருமினார். எனக்கு அந்த நினைவு இல்லாததால் பிடித்தது.

சனி

மலைக்குக் கூட்டம் ஏறுகிற நாள், அதனால் காடு. 101 பேருந்து கடற்கரையோரமாக வளைந்து வளைந்து தெலுக் பஹாங் வரை போகிறது. 2003-இல் அறிவித்த தேசியப் பூங்கா அங்கேதான். கெராச்சூட் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேர நடை, திரும்பும்போது படகு. படகுக்காரர், போகும்போதே நேரம் பேசிக்கொள்ளச் சொன்னார். பிற்பகலில் காற்று எழும்பினால் படகைக் கரை சேர்ப்பது கஷ்டம், அப்போது விலையும் வேறு.

கெராச்சூட்டில் ஓர் அதிசய ஏரி. மழையின் நன்னீர் மேலே, கடலின் உப்புநீர் கீழே, இரண்டும் கலப்பதில்லை. சில மாதங்களில் வெறும் சேற்று வெளியாகிவிடும், இப்போது நீர் நிற்கிறது. பச்சை ஆமைகள் முட்டையிட வருவதும் ஜூனை ஒட்டிய இந்த மாதங்களில்தான். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். கடல் பார்க்க மட்டும்: நீரோட்டமும் ஜெல்லி மீனும் உண்டு, குளிக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

பத்து பெரிங்கிக் கடற்கரையைப் பற்றி ஒரு வரி போதும். தண்ணீர் கலங்கல். நீலக் கடல் தேடுகிறவர்கள் லங்காவிக்குப் போகட்டும்.

ஞாயிறு

மலைக்குப் பின்னால் பாலிக் புலாவ். ஜூன் கடைசி, டுரியான் காலம். இங்கே பழத்தைப் பறிப்பதில்லை. முற்றித் தானாக விழ வேண்டும், பெரும்பாலும் இரவில் விழும். மரத்தடியில் வலை கட்டியிருக்கிறார்கள். விழுந்த சில மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதால் காலையிலேயே போகச் சொல்லியிருந்தார் விடுதிக்கார அம்மாள்.

சாலையோரக் கடைச் சீன அம்மாளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும், தோட்டத்து ஆட்களிடம் பழகியது. இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிக்க வேண்டும், மாற்றிச் சாப்பிட்டால் இனிப்பு நாக்கில் ஏறாது. 'சிவப்பு இறால்' என்று பொருள்படும் ஆங் ஹே முதலில், சதை லேசாகச் சிவந்தது. பிறகு ஹோர் லோர். கடைசியாகப் பெயரில்லாத ஒரு கிழட்டு மரத்தின் பழம், சாராயம்போல் கசந்தது. ஊர்க்காரர்கள் அதற்குத்தான் போட்டி போடுகிறார்கள். மேலே மங்குஸ்தான், பிறகு பழத்தோட்டின் குழியில் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் வாய் நாற்றம் போகும் என்றார். பாதி போயிற்று.

சந்தைப் பக்கம் லக்சா. கானாங்கெளுத்தி மீனைப் புளியில் அவித்து உதிர்த்து, புங்கா கந்தான் பூவை நறுக்கிப்போட்டுத் தடித்த அரிசி நூலோடு தருகிறார்கள். ஆயர் ஈத்தாம் ஊர் லக்சா சிறந்ததா, இதுவா என்று கேட்டுப் பார்த்தேன். மேசையிலிருந்த இருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். மறுபடி கசப்புப் பழத்துக்கு ஆசைப்பட்டுக் கடைக்குத் திரும்பியபோது மணி மூன்று. அம்மாள் தோடுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். காலையில் எடுத்து வைத்ததில் ஒன்றே ஒன்று மீதி. டுரியானைப் பேருந்திலும் ஏற்றமாட்டார்கள், விடுதிக்குள்ளும் விடமாட்டார்கள். அங்கேயே நின்று தின்று, கையைக் கழுவி, நாலு மணிப் பேருந்துக்கு நடந்தேன்.