நீரும் மின்சாரமும்

கொல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவில் நடைபாதைக் கடைகளின் மேலே மின்விளக்குகள் வரிசையாக ஒளிரும். துர்கா பூசை நெருங்கினால் அவ்வொளி இன்னும் பெருகும்.

2025ஆம் ஆண்டு, பூசைக்குச் சில நாள்களே இருந்தன. செப்டம்பர் 22 இரவில் கொட்டத் தொடங்கிய மழை, 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் பெய்தது. தெருக்களில் வெள்ளம் தேங்கியது. மின்சாரம் தாக்கி நகரில் பலர் உயிரிழந்தனர்.

மின்கம்பியைத் தொடாதவரையும் மின்சாரம் தாக்குமா? தாக்கும். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உப்பும் அழுக்கும் கலந்த தெருநீரோ கடத்தும். உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலோ வழிவிடும். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடலில் பாய்ந்தாலே இதயத் துடிப்பு நிலைகுலையக்கூடும்.

ஆதலால், மின்சுற்றில் கைவைக்கும் முன் முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஈரக்கையால் சுவிட்சைத் தொடலாகாது. மின்சாரம் தாக்கியவரைப் பதறிப்போய்ப் பற்றினால், பற்றியவரையும் அது தாக்கும். முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இயலாவிடில், ஈரமில்லாத இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும்.

ஓடிச்சென்று உதவும் மனம் உயர்ந்தது. அதனுடன் சேரும் ஒரு நொடி நிதானமே இருவரையும் காக்கும்.