மாத்திரையும் டீயும்



போன ஜூலை மாசம் பிரேயரில் மயங்கி விழுந்தது நான்தான். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். அது வெயில் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் 9.2. என் வயசுப் பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாதாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. ஒரு மாசம் விடாமல் போட்டேன். மறுபடி பார்த்தால் 9.4!

"ஒழுங்கா போட்டியா, தூக்கிப் போட்டியா?" என்று நர்ஸ் அக்கா கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தினமும் போட்டேன்க்கா."

"எதுல முழுங்குன?"

"டீயில."

அக்கா தலையில் கை வச்சுக்கிட்டாங்க.

டீயில் டானின் என்று ஒன்று இருக்கிறது. நாக்கில் துவர்ப்பது அதுதான். அது இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சரியாகச் சேரவிடாது. மாத்திரை மட்டும் இல்லை, கீரை, பயறு, கேழ்வரகில் இருப்பதும் அப்படித்தான் வீணாகும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று 2024இல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே இருக்கிறது. பள்ளியில் வாராவாரம் தருகிற நீல மாத்திரையும் இதே சத்துதான். அதைப் போட்ட கையோடு டீக்கடைக்கு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்லவில்லை!

அப்போ டீயில் சத்தே இல்லையா? பாலும் சர்க்கரையும் இல்லாத டீயில் கலோரி அனேகமாகக் கிடையாது, புரதமும் கிடையாது. நாம் சத்து என்று நினைப்பது அதில் ஊற்றுகிற பாலில் இருப்பது. எங்கள் வீட்டு டீயில் பால் பேருக்குத்தான், சர்க்கரை 2 ஸ்பூன். ஒரு ஸ்பூன் 4 கிராம் என்றால் 3 டீக்கு 24 கிராம். பெரியவர்களுக்கே நாள் முழுக்க 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீ பசியை மட்டும் நன்றாக அடக்கிவிடும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது மாத்திரை ராத்திரி தண்ணீரில், கூடவே பாதி நெல்லிக்காய். டீ சாயங்காலம் ஒன்று, சர்க்கரை ஒரு ஸ்பூன். ஆத்தா மாதிரி காலையில் போட்டதையே திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பதில்லை, கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்பு ஏறும். முதல் வாரம் தலைவலி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூணு மாசத்தில் 11.3.

அம்மா காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவாங்க. மதியம் வரைக்கும் அதுதான். "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்பாங்க. போன வாரம் கெஞ்சிக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வைத்தேன். 8.6.

இப்போ நெல்லிக்காய் ஆளுக்குப் பாதி.