பின் சீற்றில் ஓர் இரைச்சல்

வவுனியா தாண்டியதும் பின் சீற்றிலிருந்து அந்த இரைச்சல் கிளம்பும். தலைமயிர் உலர்த்தும் மெஷினைத் தலையணைக்கு அடியில் வைத்தது போல. எஞ்சின் ஓய்ந்து பிரியஸ் மின்சாரத்தில் ஓடும்போதுதான் காதில் விழும். நான் ரேடியோவைக் கூட்டிவிடுவேன். 2022 இல் பெற்றோல் வரிசையில் கிடந்த பழக்கம், ஏசியையும் போடமாட்டேன். ஜன்னல் திறந்தபடி ஏ9 வீதிப் புழுதி உள்ளே வந்துபோகும்.

ஒருநாள் சிவப்பு முக்கோணம் எரிந்தது. முதல் கராஜில் ஸ்கானரைக் கொழுவினார்கள். பி0ஏ80 என்று ஒரு பிழைக் கோட். "பற்றறி முடிஞ்சுது அண்ணை, முழுசா மாத்தோணும்." சொன்ன விலைக்கு என் தம்பி ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கியிருப்பான்.

இரண்டாவது கராஜ்காரப் பெடியன் ஸ்கானரைத் தொடமுதல் என்னைத்தான் சோதித்தான்.

"பின்னாலை ஃபான் இரையுறதோ அண்ணை?"

"இரையும்."

"எவ்வளவு நாளாய்?"

விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிறகுதான் ஸ்கானர். அதிலிருந்தே ஃபானை ஆகக்கூடிய வேகத்தில் ஓடவிட்டு, பின் சீற்றின் ஓரத்துக் காற்றுத் துவாரத்தில் ஒரு டிஷ்யூவைப் பிடித்தான். ஒட்டவேண்டிய தாள் சும்மா தொங்கியது. "சுத்துது. ஆனா இழுக்கேல்லை."

பற்றறியைக் குளிர்விக்கும் அந்த ஃபானுக்கென்று தனிக் கோட் உண்டு, பி0ஏ81. அதன் மின்சுற்றில் பிழை என்றால் வரும். இங்கே மின்சுற்றில் ஒரு குறையும் இல்லை. சூடு இறங்காததால் கம்பியூட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. காற்று வராமல் சத்தம்தான் கூடியிருக்கிறது.

பற்றறியின் மின்னைத் துண்டிக்கும் செம்மஞ்சள் பிளக்கைக் கழற்றித் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டான். வேறு யாரும் எடுத்துத் திரும்பச் செருகிவிடக் கூடாதாம். 201.6 வோல்ற் விளையாட்டில்லை. பத்து நிமிடம் கழித்தே கைவைத்தான். ஃபான் வெளியே வந்தபோது அதன் சிறு இதழ்களுக்கிடையே கம்பளி போல ஏதோ அடைத்திருந்தது. புழுதி, பஞ்சு, அதிகம் எங்கள் நாயின் மயிர். பற்றறி குளிர்வது நாங்கள் இருந்து மூச்சுவிடும் அதே காற்றில்தான் என்பதும், ஏசியை நிறுத்தி நான் மிச்சம் பிடித்தது எதன் செலவில் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முதல் கராஜ்காரர் பொய் சொல்லவில்லை. 28 மொடியூல்களில் நடுவிலிருந்த இரண்டு உண்மையிலேயே போய்விட்டன. சூடு தேங்குவது அங்கேதான். ஆனால் முழுப் பற்றறியையும் மாற்றி, அந்த ஃபானை அப்படியே விட்டிருந்தால், புதியதும் அதே மயிருக்குள் வெந்திருக்கும்.

இப்போது ஏசி ஓடுகிறது. நாய்க்கு முன் சீற். இரைச்சல் இல்லை. ஆனாலும் வவுனியா தாண்டியதும் கை தானாகப் போய் ரேடியோவைக் குறைக்கிறது.